உங்க அக்கா ரொம்பத் தொல்லை

அய்யய்யோ, அந்த சோபாவுல உக்காராதீங்க தம்பி, அது ஆடும். வர்றவங்க கண்ணுக்கு நல்லா இருக்கட்டும்னு மேல உறை மாட்டி வச்சிருக்காங்க, உள்ள ஒரு காலு கிடையாது, செங்கல்லுதான். இப்படி என் பக்கத்துல வாங்க. பையை மடியிலயே வச்சுக்கங்க, தரையெல்லாம் ஈரம். மேனேஜர் கூப்பிட நேரமாகும், உள்ள டாக்டர் இருக்கார். உங்கம்மாவையும் இப்பவே பாக்க முடியாது, குளிப்பாட்டிட்டு இருக்காங்க. என்ன, சாப்பாடு முடிஞ்சப்புறம் குளியலான்னு பாக்கறீங்களா? நீங்க வந்திருக்கீங்கல்ல, அதான்.

நானா? நானும் இந்த முதியோர் இல்லத்துலதான் இருக்கேன். உங்கம்மாவுக்கு அடுத்த கட்டில். ஜன்னலோரம் அவங்க, கதவோரம் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. கல்யாணம் கில்யாணம் ஒண்ணும் பண்ணிக்கல. அண்ணன் பையன்தான் கொண்டாந்து சேத்தான், தங்கமான பையன், ஆனா அவன் பொண்டாட்டிக்கு என் பேச்சு ஒத்துக்கல. வாஸ்தவம்தான், கொஞ்சம் அதிகமாத்தான் பேசுவேன். பேசிப் பேசியே சம்பளம் வாங்கினவளத் திடீர்னு வாயை மூடுன்னா எப்படி?

சரி, நீங்க சொல்லுங்க. இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன விஷயமா மேனேஜர் வரச் சொன்னாங்க? யாரு, உங்க அக்காவப் பத்தியா? உங்க அக்கா ரொம்பத் தொல்லை பண்றாங்க, சும்மா சும்மா போன் பண்ணிப் புகார் சொல்றாங்க, நீங்க வந்து பேசி ஒரு முடிவு பண்ணுங்கன்னா? தொல்லைன்னேவா சொன்னாங்க? அடிப்பாவி. சரி, அதுக்கு ஏன் உங்க மொகம் இப்படி இருக்கு? என்னது? உங்களுக்கு அக்காவே கிடையாதா? ஒத்தப் புள்ளையா?

அடடா. இருங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.

எவளோ ஒருத்தி சொத்துக்கு அடி போடறான்னு நினைச்சு ஓடி வந்தீங்களா! இல்ல தம்பி, சிரிக்கல, இருமல். போலீசெல்லாம் எதுக்கு? இப்ப உள்ள போய் எனக்கு அக்காவே இல்ல, அவ பித்தலாட்டக்காரின்னு சொல்லப் போறீங்க. சொல்லலாம். தாராளமாச் சொல்லலாம், உண்மைதானே. ஆனா அந்த ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வந்துட்டா உங்கம்மா கதி என்னாகும்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. அவங்க கூப்பிடற வரைக்கும் நான் பேசறேன், நீங்க கேளுங்க. எனக்கும் பொழுது போகும்.

முதல்ல ஒண்ணு. இது மோசமான எடம்னு நான் சொல்ல மாட்டேன். யாரும் கை ஓங்க மாட்டாங்க, அதட்டக்கூட மாட்டாங்க. எல்லாமே கண்ணு, செல்லம், பாட்டிம்மாதான். ஆனா செல்லம்னு சொல்லிட்டுப் போனவ திரும்பி வர மாட்டா, அங்கதான் சிக்கல்.

சாப்பாட்டையே எடுத்துக்கங்க. ஒருத்தருக்கு பிரஷர், உப்பு ஆகாது. ஒருத்தருக்கு சுகர், இனிப்பு ஆகாது. இன்னொருத்தருக்கு அல்சர், காரம் ஆகாது. ஒருத்தருக்குப் பல்லே கிடையாது, எதுவும் கெட்டியா இருக்கக் கூடாது. ஆளுக்குத் தகுந்த மாதிரி சமைக்கணுமா இல்லையா? நம்ம சமையல்காரர் என்ன பண்ணார் தெரியுமா, எல்லார் வியாதியையும் ஒண்ணாக் கூட்டி எல்லாருக்கும் ஒரே சாப்பாடா ஆக்கிட்டார். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது தம்பி, வாய் நிறையப் பல்லு. நான் ஊரு வியாதிக்கெல்லாம் சேத்துப் பத்தியம் இருக்கேன்.

துணி அதுக்கு மேல. எல்லார் துணியையும் ஒரே மெஷின்ல போட்டு, எல்லாத்தையும் ஒரே கூடையில அள்ளிட்டு வருவாங்க. கைக்கு எது வருதோ அது உங்களுக்கு. ஒரு நாள் வராந்தாவுல உக்காந்திருக்கேன், என் பச்சை ஸ்வெட்டர், மார்ல பூப்போட்டது, என்னைத் தாண்டிப் போகுது. உள்ள யாருன்னு பாத்தா, ரிட்டயர்டு ஜட்ஜு! வாக்கிங் போறார் மனுஷன். கேட்டுடலாம்னு எழுந்து போனேன். அவர் என்னைப் பாத்ததும், இது எங்க வீட்டம்மா பின்னினதும்மான்னு அந்தப் பூவத் தடவித் தடவிக் காட்டறார். அந்தம்மா போய்ச் சேந்து வருஷமாச்சு. நான் என்ன சொல்றது? ரொம்ப நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன். ஜட்ஜு மேலயே கேஸ் போடவா முடியும்?

இப்ப சிரிக்கிறீங்க பாருங்க. உங்கம்மா மாதிரியே ஒரு பக்கமாச் சிரிக்கிறீங்க.

அப்புறம் அந்த பெல்லு. நீங்க அம்மாவக் கொண்டாந்து சேத்தப்ப அதைத்தானே பெருமையாக் காட்டியிருப்பாங்க, கட்டிலுக்குக் கட்டில் பெல்லு இருக்குன்னு? இருக்கு, இல்லேங்கல. சும்மா சும்மா அடிக்கிறாங்கன்னு ஒயரைச் சுருட்டி ஆணியில மாட்டிட்டாங்க. எழுந்து நிக்க முடியறவங்களுக்குத்தான் அது எட்டும். எழுந்து நிக்க முடியறவங்களுக்கு பெல்லு எதுக்கு? சொல்லுங்க.

அப்புறம், போட்டோ. வெள்ளிக்கிழமைன்னா எங்களுக்குப் போட்டோ நாள். வாட்ஸப் குரூப்புல போடுவாங்களே, பாப்பீங்கல்ல? பாப்பீங்க, தெரியும். கட்டைவிரல் போடுவீங்க. எப்படித் தெரியும்னா, போட்டோ எடுக்கற பொண்ணு வந்து காட்டும், ஜன்னல் பாட்டி, உங்க பையன் விரல் போட்டுட்டார் பாருங்கன்னு. அந்த ஒரு விரலைப் பாத்துட்டு உங்கம்மா அன்னைக்குப் பூரா குஷியா இருப்பாங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி, ஆனா அந்தப் போட்டோவெல்லாம் இடுப்புக்கு மேலதான் இருக்கும், கவனிச்சீங்களா? தலை வாரி, பவுடர் பூசி, சால்வை போத்தி, முதுகுக்கு ரெண்டு தலகாணி குடுத்து. இடுப்புக்குக் கீழ, விடிஞ்சதுலேருந்து நனைஞ்சு கெடக்கற விரிப்பு. அதுக்கும் சேத்துத்தான் நீங்க விரல் போட்டுட்டிருந்தீங்க.

சரி சரி, தலையக் குனியாதீங்க. யாரா இருந்தாலும் போட்டிருப்பாங்க. என் அண்ணன் பையன் எனக்கு ரெண்டு விரல் போடுவான்.

வேலை செய்யற பொண்ணுங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். அப்ப ரெண்டே பேருதான், மாடியும் அவங்கதான், கீழயும் அவங்கதான். யாருக்குன்னு ஓடுவாங்க? சத்தம் எங்க கேக்குதோ அங்க ஓடுவாங்க. கோடி ரூம்ல ஒரு லாரி ஓனர் இருக்கார். அவர் மருமக ஒரு தடவை வந்து இந்த ஹால்ல நின்னு கத்தினா பாருங்க, டீ கப்பெல்லாம் ஆடிப் போச்சு. அன்னையிலேருந்து அவருக்கு ராஜ உபசாரம். ஷேவிங் என்ன, நகம் வெட்டறது என்ன, மாப்பிள்ளை மாதிரி இருக்கார். அவருக்குக் குடுக்கற அந்த நேரத்தை யார்கிட்டேருந்து எடுப்பாங்க? கேக்க ஆள் இல்லாதவங்ககிட்டேருந்துதான். எனக்கு இது புரியறதுக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. புரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியல.

உங்கம்மா வேற ஒரு பரவால்லப் பேர்வழி. வலிக்குதான்னா பரவால்லம்மா. தண்ணி வேணுமான்னா பரவால்லம்மா. வந்த புதுசுல நடந்துட்டுத்தான் இருந்தாங்க. பாத்ரூம்ல வழுக்கினதுக்கப்புறம் படுக்கைதான், அதான் உங்களுக்கே தெரியுமே. படுத்த ஆளை ஒரே பக்கமா விடக் கூடாது, அடிக்கடி திருப்பிப் போடணும். யாரு திருப்பறது? ஒரு நாள் விரிப்பு மாத்தறப்ப பாத்தேன், இடுப்புக்குப் பின்னால, உள்ளங்கை அகலம், தோலே இல்ல. என்னங்க இது, சொல்லக் கூடாதான்னு கேட்டா, அவங்களுக்கு எவ்வளவு வேலை, பரவால்லன்றாங்க. உங்கம்மாவ அன்னைக்கு நான் நல்லாத் திட்டினேன் தம்பி. அவங்க கண்ண மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிச்சாங்க.

நேராப் போனேன் மேனேஜர்கிட்ட. இதோ இந்தக் கதவுதான். இந்த மாதிரி, ஜன்னல் கட்டில் அம்மாவுக்குப் புண்ணு வச்சிருக்கு, மருந்து போடணும், திருப்பிப் படுக்க வைக்கணும்னு நல்லபடியாத்தான் சொன்னேன். அவங்க எழுந்து வந்தாங்க. குனிஞ்சாங்க. வயசானா தோலு அப்படித்தான் ஆகும் பாட்டி, நீங்க உங்க உடம்பப் பாத்துக்கங்கன்னு சொல்லி, என் கன்னத்தத் தட்டினாங்க. கன்னத்தத் தட்டறாங்க தம்பி! எங்க எக்ஸ்சேஞ்சுல சூப்பர்வைசர்கூட என்கிட்ட அப்படி நடந்துக்கிட்டதில்ல. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. துக்கத்துல இல்ல, ஆத்திரத்துல. உள்ள இருக்கறவ சொன்னா அது புகார் இல்ல, வயசு. வெளியிலேருந்து ஒரு குரல் வந்தாத்தான் அது புகார்.

ஆமா. நீங்க நினைக்கிறது சரிதான். நான்தான் உங்க அக்கா.

முறைக்காதீங்க, உக்காருங்க. மெதுவாப் பேசுங்க, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு.

அண்ணன் பையன் வாங்கிக் குடுத்த செல்போன் ஒண்ணு இருக்கு. ஆபீஸ் மேஜையில இருக்கறது பழைய போன், கூப்பிடறது யாருன்னு நம்பர் காட்டாது. துணி துவைக்கற ரூமுக்குள்ள போய், காயப் போட்டிருக்கற விரிப்புக்கு நடுவுல நின்னுக்கிட்டு டயல் பண்ணேன். மெஷின் கடகடன்னு ஓடுது. என்னம்மா சத்தம்னு கேக்கறாங்க மேனேஜர். ஏர்போர்ட்ல இருக்கேன், எனக்கு நேரமில்லன்னேன். எப்படி?

குரல் மாத்தறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல. எத்தனை பேர் பேசினதக் கேட்டவ நான். ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு தம்பி. கத்தறவங்களை நாங்க பாதியிலயே கட் பண்ணிடுவோம், மனசுக்குள்ள ஒரு திருப்தியோட. ஆனா ஒரு சில பேர் இருப்பாங்க, குரலே உசத்த மாட்டாங்க, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்னுவாங்க. அதுக்குத்தான் நாங்க நடுங்குவோம். உங்க அக்கா அந்த ரகம். எங்கம்மா முதுகைப் போய்ப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன். அவ்வளவுதான் சொன்னேன். மேனேஜர் ஓடற சத்தம் எனக்கு இங்க போன்லயும் கேட்டுச்சு, அங்க வராந்தாவுலயும் கேட்டுச்சு.

அன்னைக்கே நர்ஸ் வந்தாச்சு, மருந்து வந்தாச்சு. திருப்பிப் போட ஆரம்பிச்சாங்க. அடுத்த தடவை பெல்லு பத்திக் கேட்டேன், ஆணியிலேருந்து இறங்கி மடிக்கு வந்துடுச்சு, உங்கம்மாவுக்கு மட்டுமில்ல, எல்லாக் கட்டிலுக்கும். விடாம நச்சரிச்சதுல புதுசா ஒரு பொண்ணையும் வேலைக்குப் போட்டுட்டாங்க. இப்ப புண்ணு முக்காவாசி ஆறிடுச்சு, உள்ள போறப்ப நீங்களே பாருங்க. போர்வைய விலக்கிப் பாக்கணும், சரியா? மேலோட்டமாப் பாத்துட்டு வந்துடாதீங்க.

உங்கம்மாவுக்குத் தெரியுமாவா? தெரியாம எப்படி? முதல் போனுக்கப்புறம் மேனேஜர் நேரா வந்து கேட்டுட்டாங்களே, உங்களுக்கு ஒரே பையன்னுதானே இருக்கு, இது யாரு புதுசா மகள்னு. நான் முன்கூட்டி ஒண்ணும் சொல்லி வைக்கல. உங்கம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க, மேனேஜரை ஒரு பார்வை பாத்தாங்க. எம் பொண்ணுதான், கோச்சுக்கிட்டுப் போனவ, இப்பத்தான் மனசு எறங்கியிருக்கான்னாங்க. கண்ணு இமைக்கல. பரவால்லப் பேர்வழிக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. மேனேஜர் வெளிய போனதும் நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல உங்கம்மாவுக்குத் திருப்பியும் விரிப்பு மாத்த வேண்டியதாப் போச்சு.

அப்புறம் எங்க விட்டேன்? ருசி கண்டுடுச்சு. ஜட்ஜுக்கு ஒரு தங்கச்சி ஆனேன். மாடியில பேச்சு வராத ஒரு அம்மாவுக்குக் கோபக்கார நாத்தனார். எனக்கே நான் ஒரு தடவை பண்ணிக்கிட்டேன், சாப்பாட்டுல உப்பு இல்லன்னு என் சொந்தக்காரி மாதிரி. அப்ப மேனேஜர் சொல்றாங்க, அந்தக் கதவுக் கட்டில் பாட்டியா, அவங்க தொணதொணன்னு உயிரை எடுக்கறவங்கம்மா, அவங்க சொல்றதெல்லாம் நம்பாதீங்கன்னு. என்னைப் பத்தி என்கிட்டயே! ஆமாங்க, சின்ன வயசுலேருந்தே அவ அப்படித்தான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வேற என்ன பண்றது?

இந்த மட்டும் நல்லாத்தான் போச்சு. போன வாரம்தான் கொஞ்சம் ஓவராப் போயிட்டேன். புண்ணு திரும்ப வராம இருக்க, காத்து அடைச்ச மெத்தை ஒண்ணு இருக்காம், தானா ஏறி எறங்குமாம், அத வாங்கிப் போடுங்கன்னு கேட்டேன். அதுக்கு வீட்டாளுங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், நீங்களும் உங்க தம்பியும் சேந்து வாங்கன்னுட்டாங்க. நான் எங்க போய் வர்றது? இழுத்தடிச்சேன். அவங்க பொறுமை போச்சு, உங்களைக் கூப்பிட்டுட்டாங்க.

இப்ப பாருங்க, நீங்க உள்ள போய் எனக்கு அக்கா இல்லேன்னு சொன்னா, உங்க அக்கா மட்டும் போக மாட்டா. ஜட்ஜோட தங்கச்சி, நாத்தனார், எல்லாரும் ஒரே நாள்ல செத்துப் போயிடுவாங்க. பெல்லு திரும்ப ஆணிக்குப் போயிடும். என் செல்போனைப் புடுங்கி பீரோவுல வச்சுடுவாங்க, அது போனாப் போகுது. உங்கம்மாவ யாரு திருப்பிப் போடுவா? அதுதான் எனக்குப் பயம். நிஜமாவே பயமா இருக்கு தம்பி, காலையிலேருந்து ஒரு வாய் எறங்கல.

ஆமா, எனக்கு ஒரு அக்கா இருக்கா, கொஞ்சம் முன்கோபி, இனிமே நானும் கூப்பிடறேன்னு ஒரு வார்த்தை. அது போதும். உங்க பங்குக்கு ஒரு கையெழுத்து. உங்க இஷ்டம், நான் கட்டாயப்படுத்தல.

அதோ, டாக்டர் வெளிய வர்றார். அடுத்தது உங்களைத்தான் கூப்பிடுவாங்க. சட்டைய இழுத்து விட்டுக்கங்க, அவங்க ஆளைப் பாத்துத்தான் மரியாதை குடுப்பாங்க.

என்ன? ஏன் உங்க பேர்லயே பண்ணலன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். மகள்னு புதுசா ஒருத்திய உண்டாக்கறதுக்கு, இருக்கற மகன் பேர்லயே பண்ணியிருந்தா மேனேஜருக்குச் சந்தேகமே வந்திருக்காதுல்ல? அதுக்கும் ஏற்பாடு பண்ணேன் தம்பி. கேட்டுல இருக்காரே வாட்ச்மேன், கணீர்னு பேசுவார், அடுத்த தடவை மகன் மாதிரி நீங்க பேசுங்கன்னு அவர்கிட்ட சொல்லி வச்சேன், அவரும் சரின்னுட்டார். உங்கம்மாதான் ஒத்துக்கல. எல்லாத்துக்கும் பரவால்ல சொல்ற மனுஷி இதுக்கு மட்டும் கூடவே கூடாதுன்னுட்டாங்க.

ஆபீஸ்ல வேலை பாத்தவங்கல்ல, யாருக்கு எங்க போஸ்டிங், யாருக்கு எத்தனை நாள் லீவுன்னு அதையே பாத்துட்டு இருந்தவங்க, பேச்சும் அப்படியேதான் வரும். மகள்ங்கறது காலியா கெடந்த எடம், அதுல நீங்க தாராளமா ஆள் போட்டுக்கங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லன்னாங்க. மகன் எடத்துல கை வைக்காதீங்க. அது காலி இல்ல. அவன் லீவுல இருக்கான், அவ்வளவுதான்னாங்க.